பத்தொன்பது குறைகளும் ஓர் அக்காவின் செல்போனும்

சென்னையில் ஒரு கல்லூரியின் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்காக ஒரு பிரசார இணையதளம் செய்திருந்தார்கள். வெளியிட்டு மூன்று வாரமாகியும் அதிலிருந்த மனுவுக்குக் கையெழுத்து இருநூறைத் தாண்டவில்லை. அதிலும் பாதிப் பேர் அவர்களுடைய வகுப்புத் தோழர்கள். மன்றத்தின் பொறுப்பாசிரியை என்னிடம், "சார், ஒரு தடவை பாத்துட்டு எங்க கோளாறுன்னு சொல்லுங்க" என்றார். இணையதளம் செய்வது என் பிழைப்பு. வேளச்சேரியில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன், வெள்ளம் பார்த்தவன். சரி என்றேன்.

முதல் தடவை நான் சொன்ன கருத்தால் யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. இரண்டாவது தடவை பலித்தது. நடுவில் என்ன மாறியது என்பதை மாணவர்களின் சம்மதத்தோடு எழுதி வைக்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம் என்றார்கள்.

முதலில் பார்த்தது

தரமணியிலிருந்து வரும்போது பஸ்ஸில் நின்றபடி தளத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. விஜயநகர் வரும் வரை வெள்ளைத் திரைதான். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்த பிறகு காரணம் தெரிந்தது. முகப்பில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடின. கேமராவிலிருந்து எடுத்த கையோடு அப்படியே ஏற்றியிருந்தார்கள், ஒவ்வொன்றும் ஐந்து எம்.பி.க்குக் குறையவில்லை. அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவத்தில் சேமித்தால் ஒரு படம் 200 கே.பி.க்குள் அடங்கிவிடும். பத்து நிமிட வேலை.

அந்த ஐந்தில் ஒன்று பூநாரை. ஆரஞ்சும் சிவப்புமாக அடர்ந்த நிறம். அது கரீபியன் கடலோரத்துப் பூநாரை. நம்மிடம் வரும் பெரும் பூநாரை தூரத்தில் நின்றால் வெள்ளையாகத்தான் தெரியும். சிறகை விரிக்கும்போதுதான் உள்ளிருந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். பறவை பார்க்கிறவர் எவரும் அந்தப் படத்தைக் கண்டதுமே, இவர்கள் பள்ளிக்கரணைப் பக்கம் போனதே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் இவர்கள் வாராவாரம் போகிறவர்கள்.

தளத்தை ஆங்கிலத்தில் எழுதி, தமிழுக்கு இயந்திர மொழிபெயர்ப்பை விட்டிருந்தார்கள். முகப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வீடு' என்றிருந்தது. கிளீன்-அப் டிரைவ் 'துப்புரவு இயக்கி' ஆகியிருந்தது. பெரிய எழுத்துத் தலைப்பு மட்டும் அவர்களே தமிழில் யோசித்தது: 'பல்லுயிர்ப் பெருவெளியின் பேரழிவைத் தடுத்து நிறுத்துவோம்!'

மூன்று பக்கங்களில் சதுப்புநிலத்தின் பரப்பு மூன்று விதமாக இருந்தது. வரலாற்றுப் பக்கத்தில் 5,500 ஹெக்டேர். முகப்பில் 1,247. மனுவில் 317. எதிர்த்தரப்பில் ஒருவர் இதை மட்டும் படம் பிடித்துப் போட்டால் போதும், கதை முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், மூன்றும் எங்கோ ஓரிடத்தில் சரியான எண்கள்தான். முதலாவது, அறுபதுகளில் சதுப்பு பரவிக் கிடந்த பரப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டாவது, 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, பட்டியலில் ஏறிய எல்லை, துல்லியமாகச் சொன்னால் 1,247.54 ஹெக்டேர். மூன்றாவது, 2007-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பகுதி. இருந்த நிலம், சர்வதேசப் பட்டியலில் உள்ள நிலம், வனத்துறை கையில் முதலில் வந்த நிலம் என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அந்த மூன்று எண்ணே பாதிக் கதையைச் சொல்லியிருக்கும். 'பரப்பளவு' என்ற ஒரே சொல்லைத் தலையில் வைத்ததால் மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டிருந்தன.

'நீங்கள் என்ன செய்யலாம்' பக்கத்தைப் பார்த்துத்தான் உண்மையில் திடுக்கிட்டேன். சதுப்புநில ஓரத்தில் ஐந்நூறு மரக்கன்று நடும் விழாவுக்கு அழைப்பு! சதுப்பு என்பது கோரையும் நாணலும் ஆழமில்லாத திறந்த நீரும் சேற்றுத் திட்டும் சேர்ந்த இடம். சேற்றில் கால் வைத்து இரை தேடும் உள்ளான்களுக்கு நாலா பக்கமும் கண்ணுக்கு வெட்டவெளி வேண்டும். ஏற்கனவே சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் பண்ணுகிற அழிச்சாட்டியம் போதாதா? மரம் நடுவது நல்ல காரியம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே ஊட்டியிருக்கிறார்கள். எந்த இடத்தில் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் கையெழுத்துப் படிவம். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி, எல்லாம் கட்டாயம். நிரப்பி அனுப்பினேன். நன்றி சொல்லும் திரையில் 'முந்தைய பதில்களைப் பார்' என்ற இணைப்பு வந்தது. அழுத்தினால், எனக்கு முன்னால் கையெழுத்திட்ட அத்தனை பேரின் எண்ணும் முகவரியும் வரிசையாக வந்து நின்றன. பெண் பிள்ளைகளின் விடுதி அறை எண் உட்பட.

இதை நான் பட்டியலில் எழுதவில்லை. இரவு பத்தரைக்குப் பொறுப்பாசிரியைக்குப் போன் போட்டேன். தளத்தைச் செய்த மாணவனை அவர் எழுப்பினார். கூகுள் படிவத்தின் அமைப்புகளில், முடிவுகளின் சுருக்கத்தைப் பிறருக்குக் காட்டும் ஒரு விசை உண்டு. அவன் அதை மற்றவர்களுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று போட்டு வைத்திருந்தான். ஒரு நிமிடத்தில் அணைத்துவிட்டான். மொத்த விவகாரத்திலும் நான் சரியாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

பட்டியல்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காப்பியும் கையுமாக உட்கார்ந்து பத்தொன்பது குறைகளை எழுதினேன். படத்தின் எடை, பூநாரை, எண்கள், மரக்கன்று, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு, வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் படமோ தலைப்போ வராமல் மொட்டையாக நிற்பது, சுவரொட்டியைப் படமாகப் போட்டதால் அதிலுள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் செயலி) படிக்க முடியாதது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் தீர்வும் எழுதினேன். ஒரு சொல்லும் தப்பில்லை. அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்தால் நல்ல தொகை கிடைத்திருக்கும்.

ஒன்பது நாள் பதில் இல்லை.

பத்தாம் நாள் பொறுப்பாசிரியையிடம் கேட்டேன். பையன் முதல் பக்கம் படித்துவிட்டு மூடிவிட்டானாம். இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல். பதினோரு ராத்திரி கண்விழித்துச் செய்தது. மன்றத் தலைவி மூன்றாம் ஆண்டு தாவரவியல். அவள் மரக்கன்று பற்றிய குறிப்பைப் படித்து அழுதாளாம். தாவரவியல் படிக்கிற தனக்கு இது தோன்றவில்லையே என்று.

என் பட்டியலில் என்ன கோளாறு என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. பத்தொன்பதும் ஒரே எடையில் இருந்தன. விடுபட்ட ஒற்றெழுத்தும், தவறான இடத்தில் மரம் நடுவதும் அடுத்தடுத்த எண்கள். எதை முதலில் தொடுவது என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அதைவிடப் பெரிய கோளாறு, பத்தொன்பதும் என் கண்ணில் பட்டவை. அந்தத் தளம் எனக்காகச் செய்ததல்லவே.

தள்ளுவண்டிப் பக்கம்

எங்கள் தெரு முனையில் ஓர் அக்கா தள்ளுவண்டியில் இட்லிக்கடை வைத்திருக்கிறார். வீடு பெரும்பாக்கம் குடியிருப்பில். வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே மூன்றும் அத்துப்படி. வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவும் பதினோரு மணிக்கு, மாணவன், மாணவி இருவரையும் வரச்சொல்லி, அக்காவிடம் பத்து நிமிடம் கேட்டேன். ஒரே நிபந்தனை: நாங்கள் மூவரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் தன் போனில் தளத்தைப் பார்ப்பார், மனதில் தோன்றுவதைச் சொல்வார், அவ்வளவுதான்.

வெள்ளைத் திரை வந்தது. "என்னப்பா, நெட்டு இல்லியா?" என்று போனைத் தட்டினார். ஒரு தரம் மூடித் திறந்தார். பையன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

படம் வந்தது. "நல்லா கீது பறவ. எந்த ஊரு?"

தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். "பல்லு... பல்லுயிர்... இன்னாது, பல்லு டாக்டரா?" என்று சிரித்தார். மாணவியும் சிரித்துவிட்டாள். நல்லவேளை, அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு இறுக்கம் விட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்து அவர் விரல் போனது மேலே இருந்த 'வீடு' என்ற சொல்லுக்கு. அழுத்தினார். அதே பக்கம் மறுபடி வந்தது. மறுபடி அழுத்தினார். "வீடு குடுக்கிறத பத்தி ஒண்ணும் வரலியே?" என்றார். குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவருக்கு 'வீடு' என்ற பொத்தான் வேறு எதைச் சொல்லும்? நான் அதே பிழையைப் பட்டியலில் நகைச்சுவையாக எழுதியிருந்தேன். அவர் அழுத்தியபோது நகைச்சுவையாக இல்லை.

கையெழுத்துப் பொத்தான் பச்சைப் புல் படத்தின் மேல் வெளிர்பச்சை எழுத்தில் இருந்தது. அக்காவின் விரல் அதை மூன்று தடவை கடந்து போனது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்று நான் பட்டியலில் எழுதியிருந்தேன், இங்கே அதில் பாதிகூட இல்லை என்றும். எண் செய்யாததை அந்த விரல் செய்தது. பையன் நோட்டை எடுத்து ஏதோ எழுதினான்.

கடைசியில் நான்தான் விதியை மீறி, இது பள்ளிக்கரணை ஏரியைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்கும் பக்கம் என்று சொன்னேன். அக்கா போனைக் கீழே வைத்தார். "இதுல போட்டா அடுத்த மழைக்கு எங்க பிளாக்காண்ட தண்ணி நிக்காதா, தம்பி?"

மூவரிடமும் பதில் இல்லை. கேட்டாரே அந்தக் கேள்விக்கான பதில் தளத்தில் எங்கும் இல்லை என்பதை மூவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம்.

இரண்டாவது கருத்து

அன்றைக்கே பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை நான் எழுதவில்லை. அக்கா எங்கே தடுக்கினார் என்று அவர்களையே சொல்லச் சொன்னேன். மூன்று வந்தன: படம் வரவில்லை, என்ன விஷயம் என்று புரியவில்லை, என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. அந்த மூன்றைத் தவிர வேறெதையும் இந்த வாரம் தொட வேண்டாம் என்றேன். என் பத்தொன்பதில் பாதி, பக்கங்கள் மாறியபோது தானாகவே காணாமல் போனது.

தலைப்பை மாற்றுவதில் சண்டை வந்தது. வெள்ளத்திலிருந்து தொடங்கலாம் என்றான் பையன். மாணவி, "பறவைய எடுத்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு மன்றம் நடத்துறோம் அண்ணா?" என்றாள். (காலையில் சார், மத்தியானம் அண்ணா.) அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சதுப்பு மனிதனுக்கு வடிகால் என்பதால் மட்டும் காப்பாற்ற வேண்டிய இடமல்ல. ஆனால் முகப்பு என்பது யார் வருகிறாரோ அவருடைய கேள்வியில் தொடங்க வேண்டிய இடம் என்பது என் கட்சி. கடைசியில் முதல் பக்கம் தண்ணீருக்கு, இரண்டாம் பக்கம் பறவைக்கு என்று பாகம் பிரித்தோம். பறவைப் பக்கத்தில் மாணவர்கள் தாங்களே எடுத்த படங்கள் மட்டும், தேதியும் இடமும் போட்டு. நீலத் தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி, கூழைக்கடா. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் பின்னால் ஐ.டி. கட்டடம் தெரிகிறது. அந்தக் கட்டடம்தான் சாட்சி.

புதுத் தலைப்பு மாணவி எழுதியது: '2015-லும் 2023-லும் நம் தெருவில் நின்ற தண்ணீர் எங்கே போயிருக்க வேண்டும்?' அதன் கீழே கையால் வரைந்த ஒரு படம். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இந்தச் சதுப்புக்குத்தான் வருகிறது. இங்கே தேங்கி, நின்று, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. நடுவில் தேங்க இடம் குறைந்தால் தண்ணீர் தனக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறது. பெரும்பாக்கம், வேளச்சேரி, மடிப்பாக்கம் என்று ஊர்ப்பெயர்களை அம்புக்குறியோடு எழுதினார்கள். 'பல்லுயிர்' என்ற சொல் முதல் பக்கத்தில் இல்லை. பதிலாக, 'கழுவெளி' வந்தது. பள்ளிக்கரணையில் பிறந்து வளர்ந்த எங்கள் கட்டட வாட்ச்மேன் அந்த இடத்தை இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். சதுப்புநிலம் என்றால் அவருக்கு அது டி.வி. செய்தியில் வருகிற சொல்.

நேரம் பிடித்தது மனுதான். பழைய மனு 'அரசே!' என்று தொடங்கியது. எந்த அரசு? காப்புக்காடு வனத்துறையிடம். பெருங்குடி குப்பைக்கிடங்கு மாநகராட்சியிடம். கட்டட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். ஏரியும் மடுவும் நீர்வளத்துறையிடம். ஈரநிலங்களுக்கென்று மாநில ஆணையம் தனியே இருக்கிறது. 'அரசே' என்று கூப்பிட்டால் ஐவரும் அடுத்தவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒரு மனு, ஒரு முகவரி, ஒரு கோரிக்கை என்று சுருக்கினோம். ராம்சர் எல்லையை சர்வே எண்களோடு தமிழில் வெளியிட வேண்டும், எல்லை ஓரத் தெருக்களில் பலகை வைக்க வேண்டும். ஈரநில ஆணையத்துக்கு.

ஏன் இது? 2017 ஈரநில விதிகளின்படி ராம்சர் தலத்தில் ஆக்கிரமிப்பும் கூடாது, திடக்கழிவு கொட்டவும் கூடாது. பத்தாண்டு வெள்ளத்தின் சராசரி உச்சமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடமும் கூடாது. விதி இருக்கிறது. தன் மனை கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்? அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தது மாணவிதான். எனக்குத் தோன்றவில்லை.

கையெழுத்துக்குப் பெயரும் பின்கோடும் போதும் என்று படிவத்தைக் குறைத்தார்கள். 'நீங்கள் என்ன செய்யலாம்' பக்கத்தில் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பீர், நீரைச் சேமிப்பீர் எல்லாம் போய் ஒரே ஒரு விஷயம் நின்றது: ராத்திரியில் சதுப்பு ஓரமாகக் கட்டட இடிபாடு கொட்டும் லாரியைப் பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிடுங்கள், புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

மரக்கன்று விழாவை ரத்து செய்ய முடியவில்லை. ஐந்நூறு கன்றுக்குக் கல்லூரி முதல்வர் யாரிடமோ வாக்குக் கொடுத்துவிட்டார், பேனரும் அடித்தாயிற்று. கன்றுகள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மைதானத்தைச் சுற்றி நடப்பட்டன. பேனரில் மட்டும் 'பள்ளிக்கரணையைக் காப்போம்' என்று இருந்தது. யாரும் கேட்கவில்லை.

அப்புறம்

புதுப்பித்த தளத்தை முதலில் அக்காவின் போனில்தான் திறந்தார்கள். இட்லித்தட்டை இறக்கி வைப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. படத்தில் பெரும்பாக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்தார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, எங்களைக் கேட்காமலே, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் கையெழுத்து அறுநூற்றுச் சொச்சம். பிரமாதமான எண் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் சதுப்பைச் சுற்றியுள்ள பின்கோடுகள். மனு போயிருக்கிறது, ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது. அதற்கு மேல் இதுவரை எதுவும் இல்லை.

நான் தோற்ற இடம் ஒன்றும் உண்டு. முகப்பில் ஒரு கூழைக்கடா திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பறக்கும்படி பையன் செய்திருந்தான். தேவையில்லாத அலங்காரம், எடு என்று பட்டியலில் ஏழாவது எண்ணாக எழுதியிருந்தேன். அவன் எடுக்கவில்லை. கோட்டோவியமாக மாற்றி, அசைவு வேண்டாம் என்று போனில் அமைத்திருப்பவர்களுக்குப் பறக்காமல் நிற்கும்படி செய்து, பதினான்கு கே.பி.க்குள் கொண்டுவந்துவிட்டான். அக்கா இரண்டாம் தடவை தளத்தைத் திறந்தபோது அதைப் பார்ப்பதற்காகவே மறுபடி மேலே போனார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

பட்டியலில் நான் எழுத மறந்த ஒன்று போன மாதம்தான் நினைவுக்கு வந்தது. தளத்தின் முகவரி அவனுடைய சொந்த மின்னஞ்சலில், அவன் அப்பாவின் கார்டில் பதிவாகியிருக்கிறது. அடுத்த வருடம் அவன் படிப்பை முடித்துப் போய்விடுவான். மன்றத்துக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்கி மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள். கடவுச்சொல் ஓர் உறையில், பொறுப்பாசிரியையின் பீரோவில் இருக்கிறது. புதுப்பிக்க வேண்டிய தேதியைத் துறை அறையின் தினசரிக் காலண்டர் அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் அந்தக் காலண்டரை மாற்றும்போது யாராவது அதைப் பார்த்து எழுத வேண்டும்.